பேரிடர் வேளையில் வானொலித் தொண்டர்கள்
(பாலக்கோடு வட்டார வளர்ச்சி அலுவலர்)

புயல் என்பது கடற்கரை மக்களுக்கு மட்டுமே உரிய துன்பம் என்று நம் பக்கத்து மக்கள் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறார்கள். வறட்சி நமக்குப் பழகிய ஒன்று. வெள்ளமோ எப்போதாவது வந்து போவது. இவ்வெண்ணத்தை 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் இரண்டு நாட்கள் மாற்றிவிட்டன. நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பின்னும் உள்நாட்டில் நின்று மழையைக் கொட்டியது. டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டரும், நம் மாவட்டத்து அரூரில் சுமார் 33 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துச் சென்ற காட்சியைப் பலரும் கண்டிருப்பீர்கள். கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள ஊர்கள் இவை.

இதற்கு முன்பே, 2017ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி, கிருஷ்ணகிரி அணையின் மதகுக் கதவு ஒன்று உடைந்து, தென்பெண்ணைக் கரையில் உள்ள மாவட்டங்கள் பலவற்றுக்கும் எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. நமக்கும் பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே அணை உண்டு. ஆற்றோரத்து வயல்களும் குடியிருப்புகளும் உண்டு. அஞ்ச வேண்டும் என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. அத்தகைய ஓர் இரவில், பஞ்சப்பள்ளிப் பக்கத்திலிருந்து பாலக்கோட்டுக்கும், பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கும் ஒரு செய்தி எவ்வாறு வந்து சேரும் என்ற கேள்வியை ஊராட்சி உறுப்பினர்கள் தத்தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

கைபேசி இருக்கிறதே என்பது உடனே வரும் விடை. கைபேசியோ தானாக இயங்குவதன்று. அதன் கோபுரத்திற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் அங்குள்ள மின்கலம் சில மணி நேரம் தாங்கும். அதன் பின் டீசல் இயந்திரம் ஓட வேண்டும். டீசல் கொண்டு செல்லச் சாலை திறந்திருக்க வேண்டும். கோபுரம் நின்றாலும், அதனை இணைக்கும் கண்ணாடி இழை வடம் பாலத்தோடு அறுந்தால் பயனில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தாலுங்கூட, ஒரே வேளையில் ஊர் முழுவதும் பேச முற்பட்டால் இணைப்பு கிடைப்பதில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னை மாநகரிலேயே கைபேசிகள் பல இடங்களில் ஊமையாயின. மாநகருக்கே அந்நிலை என்றால், மலைச்சரிவில் ஒற்றைக் கோபுரத்தை நம்பியிருக்கும் சிற்றூரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஒரு மழையிரவின் பாடம்

நாம் முன்பு பணியாற்றிய வேறோர் ஒன்றியத்தில் நடந்த ஒன்றை இங்குக் குறிப்பிடலாம். விடாது பெய்த மழையில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோன இரவு அது. மோட்டார் சைக்கிளில் நனைந்து வந்த ஓர் இளைஞர், “பாலம் போய்விட்டது” என்று சொன்னார். அவருக்கு அதை மற்றொருவர் சொல்லியிருந்தார். அவருக்கும் வேறொருவர் சொல்லியிருந்தார். எந்தப் பாலம், எப்போது, யார் கண்டது என்று கேட்காமலேயே, இருந்த ஒரே மண்வாரி இயந்திரத்தையும் ஆட்களையும் அங்கே அனுப்பிவிட்டோம். விடிந்து பார்த்தால் பாலம் நின்றுகொண்டிருந்தது; அதன்மேல் முழங்காலளவு நீர் ஓடியதைத்தான் முதலில் கண்டவர் சொல்லியிருந்தார். அதே இரவில், எதிர்த்திசையில் இருந்த ஒரு குக்கிராமத்தில், பேறுகால வேதனையில் இருந்த பெண் ஒருவரைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து 4 கிலோமீட்டர் சுமந்து வந்தார்கள். வழியில் விழுந்து கிடந்த மரத்தை அகற்ற இயந்திரம் இல்லை. தாயும் சேயும் பிழைத்தது அவ்வூரார் தோள்வலிமையால். நம் திறமையால் அன்று.

அன்று நமக்குக் குறைவாக இருந்தவை இரண்டு. செய்தி வரும் வழி ஒன்று. செய்தியைச் செய்தியாகச் சொல்லும் பழக்கம் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே தரக்கூடியவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள் என்பது நமக்குப் பின்னரே தெரிய வந்தது.

இவர்கள் யார்?

ஊதியம் கருதாமல், தம் சொந்தச் செலவில் வானொலிக் கருவி அமைத்து, மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்று, உலகின் பிற பாகங்களில் உள்ள தம்மையொத்தவர்களோடு பேசுகிறவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்பர். ‘ஹாம்’ என்ற சிறு பெயராலும் இவர்கள் வழங்கப்படுகிறார்கள். நாம் வீட்டில் கேட்கும் வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே செய்யும்; இவர்களது கருவி கேட்கவும் பேசவும் செய்யும். கோபுரமோ, கம்பியோ, இணையமோ நடுவில் வேண்டியதில்லை. இருமுனையிலும் ஒரு கருவி, ஒரு மின்கலம், ஒரு வான்கம்பி இருந்தாற் போதும். இவர்களது முறையின் வலிமை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

இது நேற்று வந்த பொழுதுபோக்கன்று. கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா 1921ஆம் ஆண்டிலேயே இத்தகைய நிலையத்தை இயக்கியிருக்கிறார். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர்கள் 1924ஆம் ஆண்டு மே மாதம் ‘மதராஸ் மாகாண வானொலிச் சங்கம்’ கண்டு, ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பையே தொடங்கிவிட்டார்கள். அரசாங்க வானொலி தோன்றுவதற்கு முன்பே ஆர்வலர் வானொலி தோன்றியது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

பேரிடரில் இவர்கள் ஆற்றிய பணிக்கு அந்தமானை எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த திருமதி பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு, 2004ஆம் ஆண்டு டிசம்பரில் போர்ட் பிளேயர் சென்றிருந்தது. அத்தீவுகளிலிருந்து அமெச்சூர் வானொலி ஒலித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தமையால், அங்கிருந்து உலகத்து ஆர்வலர்களோடு பேசுவதே அவர்களது நோக்கம்; பேரிடர்ப் பணியை எண்ணி அவர்கள் செல்லவில்லை. டிசம்பர் 26ஆம் தேதி காலையில் நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை எழுந்தது, மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. அக்குழுவினர் கருவியை வெளியே கொணர்ந்து அமைத்து, தீவுகளுக்கும் நாட்டின் பிற பகுதிகளுக்கும் இடையே செய்திப் பாலமாயினர். குழுவினர் சிலர் கார் நிக்கோபார் தீவுக்கும் சென்று நிலையம் அமைத்தனர். இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற ஒரு வரிக்காகப் பெருநிலத்தில் ஏங்கிக் கிடந்த குடும்பங்களுக்கு அவ்வரிகள் இக்கருவிகளின் வழியே போய்ச் சேர்ந்தன. அதற்கு முன் 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி கட்ச் பூகம்பத்தின்போதும் இத்தொண்டர்கள் குஜராத்திற்கு விரைந்தார்கள்.

அந்தமானில் கருவியும் ஆட்களும் முன்கூட்டியே அங்கிருந்தது தற்செயல். நம் வட்டாரத்தில் அத்தற்செயலை எதிர்பார்த்திருக்க முடியாது. இடர் வந்தபின் தொண்டர்களைத் தேடினால், அவர்கள் வரும் சாலையும் மூடியிருக்கும்.

புளியமரமும் டிராக்டர் மின்கலமும்

இதனைக் கண்ணால் காண வேண்டும் என்று விரும்பி, உரிமம் பெற்ற அன்பர்கள் இருவரை வரவழைத்து, ஊராட்சி உறுப்பினர்கள் சிலர் முன்னிலையில் ஒரு சிறு சோதனை நடத்தினோம். அவர்கள் கொண்டுவந்த கருவிகள் இருவகை.

முதலாவது, கையில் பிடிக்கும் சிறு கருவி. இதன் ஆற்றல் 5 வாட் அளவே. இதன் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலே செல்லும்; குன்று குறுக்கிட்டால் நின்றுவிடும். நமது நிலமோ மேடும் பள்ளமுமானது. ஓடைப் பள்ளத்தில் நின்று ஒருவர் பேசியபோது ஒன்றும் கேட்கவில்லை. “இவ்வளவுதானா?” என்று உறுப்பினர் ஒருவர் சிரித்தார். அவரே கருவியைத் தாங்கியவரோடு மேல்நிலை நீர்த்தொட்டி இருக்கும் மேட்டிற்கு நடந்தார். அங்கிருந்து குரல் தெளிவாக வந்தது. ஆகவே, ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் எந்த மேட்டிலிருந்து எவ்வூருக்குக் குரல் எட்டும் என்பதை வெயில் காலத்திலேயே நடந்து பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டிலும் மழையிலும் கண்டுபிடிக்கும் காரியம் அன்று அது. உயர்ந்த மலைமீது மறுபரப்பி ஒன்று இருந்தால் சிறு கருவியின் குரலும் வெகுதூரம் போகும் என்பது உண்மை. ஆனால் அம்மறுபரப்பிக்கும் மின்சாரம் வேண்டுமாதலால் அதனையே முழுதும் நம்பலாகாது என்று அவ்வன்பர்களே சொன்னார்கள்.

இரண்டாவது, சிற்றலைக் கருவி. நமக்கு மிகவும் ஏற்றது இதுவே என்பது நம் கருத்து. 7 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் பேச, மொத்தம் சுமார் 20 மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பியை நடுவில் துண்டித்து, பக்கத்திற்கு 10 மீட்டராகக் கட்ட வேண்டும். புளியமரத்திற்கும் வேப்பமரத்திற்கும் இடையே, ஆள் உயரத்தைப் போல் நாலைந்து மடங்கு உயரத்தில் அதைக் கட்டினார்கள். மிக உயரத்தில் கட்டவில்லையே என்று கேட்டதற்கு, வேண்டுமென்றே தாழக் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். இவ்வாறு தாழக் கட்டிய கம்பியிலிருந்து அலை ஏறக்குறைய நேர்மேலே எழும்பி, வானின் மின்னேற்ற அடுக்கில் பட்டு, குடை விரித்தாற்போலச் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர்ப் பரப்பில் இறங்குகிறது. மேலிருந்து இறங்கும் அலைக்குக் குன்று ஒரு தடையன்று. தருமபுரி நமக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம்தான் என்றாலும், நடுவில் மேடு இருக்குமானால் கைக்கருவி திணறும், இம்முறை திணறாது. பகலில் 7 மெகாஹெர்ட்ஸும், இரவில் அதனினும் தாழ்ந்த வரிசையும் பொதுவாக ஒத்துவரும். வானின் நிலை நாளுக்கு நாள் மாறுமாதலால், எப்போது எவ்வரிசை கேட்கும் என்பது பழகியவர்களுக்கே தெரியும். கருவியை மட்டும் வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பது வீண் என்பதற்கு இதுவே காரணம்.

மின்சாரத்திற்கு என் செய்வது? இக்கருவி 12 வோல்ட்டில் இயங்குகிறது. டிராக்டர் மின்கலமும் 12 வோல்ட்டே. முழு ஆற்றலாகிய 100 வாட்டில் பேசும்போது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். கேட்கும்போது 1 ஆம்பியர் அளவே போதும். குறைந்த ஆற்றலில் சுருக்கமாகப் பேசினால் ஒரு மின்கலம் ஒரு நாள் தாங்கும். அங்கிருந்த விவசாயி ஒருவர், “பேசிப் பேசி முடித்துவிட்டு, வண்டி கிளம்பாமற் போனால் யார் தள்ளுவது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. மீட்புப் பணிக்கு டிராக்டரும் வேண்டுமல்லவா? ஆகையால் கருவிக்கென்று தனி மின்கலம் ஒன்றை ஒதுக்குவதும், அதனைச் சிறு சூரிய ஒளித் தகட்டினால் நிரப்பி வைப்பதும் நலம் என்று முடிவாயிற்று.

செய்தியை எழுதும் முறை

சோதனையில் நாம் கற்ற பெரிய பாடம் கருவியைப் பற்றியதன்று. உறுப்பினர் ஒருவரிடம், வெள்ளம் வந்ததாகக் கற்பனை செய்து ஒரு செய்தி கொடுக்கச் சொன்னோம். அவர் கொடுத்தது: “ஊரெல்லாம் தண்ணீர். ஜனங்கள் ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள். உடனே எல்லா உதவியும் அனுப்பவும்.” உருக்கமான செய்திதான். ஆனால் இதனைப் பெறும் வட்டாட்சியர் படகை அனுப்புவதா, அரிசியை அனுப்புவதா, மருத்துவரை அனுப்புவதா?

வானொலித் தொண்டர்கள் செய்தியைத் தாளில் எழுதாமல் அனுப்புவதில்லை. அவர்கள் முறைப்படி அதே செய்தி பின்வருமாறு ஆயிற்று: “செய்தி எண் 1. மிக அவசரம். காலை 6 மணி 40 நிமிடம். அனுப்புவோர் ஊராட்சிச் செயலர். பெறுவோர் வட்டாட்சியர். ஆற்றோரத் தெருவிலிருந்து 14 குடும்பங்கள், 53 பேர், பள்ளிக் கட்டடத்தில் உள்ளனர். நேரில் எண்ணியது. ஒருவருக்கு இன்று நண்பகலுக்குள் மருத்துவமனை வேண்டும். மேற்குச் சாலை மூடியுள்ளது. கிழக்குச் சாலையில் டிராக்டர் வரலாம். குடிநீர் மாலை வரை உள்ளது.” இதனைப் பெற்றவர் சொல்லுக்குச் சொல் திருப்பிப் படிக்கிறார், சரி என்ற பின்பே அது சேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. ஊர்ப்பெயர் குழப்பம் தரும் இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லுகிறார்கள். ‘ஹள்ளி’ என்றும் ‘பட்டி’ என்றும் முடியும் ஒத்த பெயர்கள் நிறைந்த நம் வட்டாரத்தில் இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அச்செய்தியில் ‘நேரில் எண்ணியது’ என்ற இரு சொற்களை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கண்டது வேறு, கேட்டது வேறு என்று பிரித்துச் சொல்லியிருந்தால், மேலே சொன்ன மழையிரவில் நாம் இயந்திரத்தைத் தவறான திசையில் அனுப்பியிருக்க மாட்டோம்.

பல நிலையங்கள் ஒரே வரிசையில் இருக்கும்போது ஒருவர் தலைமை நிலையமாக அமர்ந்து, அழைத்தவரையே பேச அனுமதிக்கிறார். மற்றவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஊராட்சிக் கூட்டங்களில் இவ்வொழுங்கு எவ்வளவு அரிது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. மேலும், இவ்வானொலியில் மறைமொழிக்கு இடமில்லை. பேசுவதை எவரும் கேட்கலாம். ஆகவே இறந்தவர் பெயரையோ, உறுதியாகாத செய்தியையோ இதில் சொல்லலாகாது. வீட்டார் அறியுமுன் ஊர் அறிந்துவிடும்.

உரிமமும் பயிற்சியும்

உரிமமின்றி இத்தகைய கருவியை வைத்திருப்பதும் இயக்குவதும் சட்டப்படி குற்றம். சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று கைக்கருவிகளை ஊராட்சிப் பணத்தில் வாங்கிவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். உரிமத்தை வழங்குவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்த வானலைப் பிரிவு. 12 வயது நிரம்பியவர் எவரும் தேர்வு எழுதலாம். மின்சாரம், வானொலி இவற்றின் அடிப்படையும், விதிமுறைகளும் தேர்வில் கேட்கப்படும். கட்டுப்பாட்டுடன் கூடிய முதல் தரத்திற்கு இவை போதும்; பொதுத் தரத்திற்கு நிமிடத்திற்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தந்தி முறையும் அறிந்திருக்க வேண்டும். தேறியவருக்கு அவருக்கே உரிய அழைப்புக் குறி கிடைக்கிறது. முதல் தரத்தார் குறி வி.யு.3 என்றும், பொதுத் தரத்தார் குறி வி.யு.2 என்றும் தொடங்கும். தேர்வும் சரிபார்ப்பும் முடிந்து உரிமம் வரக் காலம் பிடிக்குமாதலால், வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு மாதம் முன்பு தொடங்கினால் அவ்வாண்டிற்கு உதவாது.

சாதாரண நாட்களில் பிறருடைய செய்திகளை இவ்வானொலியில் அனுப்ப விதி இடந்தருவதில்லை. பூகம்பம், வெள்ளம், புயல், பெருந்தீ போன்ற இயற்கைச் சீற்றங்களில், அரசு அதிகாரிகளின் வேண்டுகோளின்பேரில் அதற்கு இடமுண்டு. ஆகவே இத்தொண்டர்கள் ஊரில் தனித்து நின்று செயற்படுவோர் அல்லர். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்தில் பொறுப்புடையவர் மாவட்ட ஆட்சியர். 1077 என்ற எண்ணில் இயங்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையே செய்திகளுக்குத் தலைவாயில். காவல்துறைக்கும் தனி வானொலி உண்டு. அவை எட்டாத இடத்தை எட்டச் செய்வதும், அவை நெரிசலில் திணறும்போது சுமையைப் பகிர்வதுமே தொண்டர் பணி. படகு ஓட்டவோ, சோறு பொங்கவோ இவர்களை அழைக்கலாகாது. கருவியை விட்டு அவர் எழுந்துவிட்டால், அழைக்கும் குரலுக்கு விடை சொல்ல ஆளிருக்காது.

இவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. பெரும்பாலோர் நகரங்களில் வாழ்கிறார்கள். இக்குறையை மறைப்பதில் பயனில்லை. ஆகவேதான் நம் ஊர் உயர்நிலைப் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பயிலும் பிள்ளைகளில் சிலரேனும் இத்தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். பம்ப் செட்டுக்குச் சுருள் சுற்றத் தெரிந்த இளைஞருக்கு வான்கம்பி கட்டுவது பெரிய வித்தையன்று.

பழகுவதற்கு வெள்ளத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதும் இல்லை. வங்காளத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கங்காசாகர் மேளாவில், அம்மாநிலத்து வானொலித் தொண்டர்கள் நிலையம் அமைத்து, கூட்டத்தில் வழிதவறியவர்களை உற்றாரோடு சேர்த்து வருகிறார்கள். நம் பக்கத்துத் தேர்த்திருவிழாவிலும், மாட்டுச் சந்தையிலும், அரசு கேட்டுக்கொண்டபடி நடக்கும் பேரிடர் ஒத்திகையிலும் அவர்களை அருகிருந்து கண்டாலே, செய்தி எழுதும் முறை நம்மவர்க்குப் பழகிவிடும். காட்டோரத்துச் சிற்றூர்களில், இரவில் யானை இறங்கும்போது தகவல் சொல்ல ஆள் ஓடும் நிலையை அறிந்தவர்கள், திருத்தமான ஒரு வரிச் செய்தியின் மதிப்பைத் தாமே உணர்வார்கள்.

ஊராட்சிகளிடம் நாம் இப்போது கேட்பது பெரிதன்று. கருவியை அமைக்க நனையாத ஓர் அறை. அருகே கம்பி கட்ட இரண்டு மரங்கள். நிரப்பி வைத்த ஒரு மின்கலம். செய்தி எழுதப் பழகிய இருவர், அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் நலம். எண்ணிட்ட செய்தித் தாள்கள் ஒரு கட்டு. ஆற்றோரக் குடும்பங்களின் பட்டியல் ஒன்று. செய்தித் தாளின் மாதிரி ஒன்றியத்தில் அச்சிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. ஊராட்சிச் செயலர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம். அடுத்த சோதனையைப் பஞ்சப்பள்ளிப் பக்கத்தில், அணைக்குக் கீழுள்ள பள்ளத்திலிருந்தே நடத்த எண்ணியுள்ளோம். டிராக்டரைப் பற்றிக் கேள்வி கேட்ட விவசாயி, தம் பழைய மின்கலத்தைப் புதுப்பித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வண்டியில் உள்ளதைத் தொடக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.